லா ஃபெனிச்சே: எரிந்தது எத்தனை முறை, மிஞ்சியது எது?

கேள்வி இதுதான்: வெனிஸ் நகரத்தின் லா ஃபெனிச்சே இசைநாடக அரங்கம் மூன்று முறை எரிந்து மூன்று முறையும் எழுந்ததால் பீனிக்ஸ் என்று பெயர் பெற்றதாமே, இன்று உள்ளே போனால் பார்ப்பது அசலா, நகலா? நகல் என்றால் அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பெயரிலிருந்தே தொடங்கலாம். அந்த அரங்கம் எரிந்தது இரண்டே முறை: 1836இல் ஒன்று, 1996இல் ஒன்று. பெயரோ 1792இல் திறக்கும்போதே வைத்தது. ஆக, பீனிக்ஸ் என்று பெயர் வைத்த பிறகுதான் எரிந்தது. மூன்றாவதாகக் கணக்கில் சேர்க்கப்படும் தீ இன்னொரு அரங்கத்தினுடையது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வெனிஸின் முதன்மையான இசைநாடகக் கொட்டகை சான் பெனதெத்தோ. அது 1770களில் எரிந்தது. அதில் பாக்ஸ் (மேடையைப் பார்த்த தனிச் சிற்றறை) வைத்திருந்தவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து மறுபடி கட்டினார்கள். ஆனால் மனைக்குச் சொந்தக்காரர்களான வெனியேர் குடும்பத்தோடு உரிமைத் தகராறு வந்து, வழக்கில் சங்கம் தோற்றது. கட்டியதை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் கட்ட முடிவெடுத்தபோது, 'சாம்பலிலிருந்து மறுபடி எழுகிறோம்' என்ற வீம்பில் வைத்த பெயர்தான் ஃபெனிச்சே.

பாக்ஸ் வைத்திருப்பது என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் அரங்கத்தின் வடிவமே புரியாது. வெனிஸில் பாக்ஸ் என்பது இன்றைய அடுக்குமாடி வீடு போன்ற சொத்து. விலைக்கு வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். கட்டடச் செலவில் பெரும்பகுதி பாக்ஸ் விற்ற பணம். பிறகு ஆண்டுதோறும் உரிமையாளர்கள் கட்டும் தொகை நாடகச் செலவுக்கு. காசு கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம் என்ற பொது இசைநாடக அரங்கமே உலகில் முதன்முதலாக 1637இல் இதே வெனிஸில், சான் கஸ்ஸியானோ அரங்கில்தான் தொடங்கியது. அரங்கைச் சுற்றித் தேன்கூடுபோல அறைகளை அடுக்கியதற்குக் காரணம் அழகல்ல, இந்தக் கணக்கு.

1789 நவம்பரில் சங்கம் போட்டி அறிவித்தது. 29 வடிவங்கள் வந்தன. தேர்வானவர் ஜான்னந்தோனியோ செல்வா. பியெத்ரோ பியாங்கி என்ற போட்டியாளர் வழக்குப் போட்டு, பரிசுத்தொகை தனக்கே என்று தீர்ப்பும் வாங்கிவிட்டார். ஆனாலும் கட்டியது செல்வாவின் வரைபடப்படிதான். 1792 மே 16ஆம் நாள் பாயிசியெல்லோவின் புதிய இசைநாடகத்தோடு திறப்புவிழா. முகப்பில் 'சொசியேத்தாஸ்' (சங்கம் என்று பொருள்) என்ற லத்தீன் சொல்லையும் ஆண்டையும் பொறித்தார்கள். வெனிஸ்காரர்களின் குறும்பு உடனே வேலை செய்தது. அந்தச் சொல்லின் எட்டு எழுத்துகளையும் எட்டுச் சொற்களின் முதலெழுத்தாக்கி, 'ஒழுங்கின்றி, கோணல்மாணலாக இந்த அரங்கைக் கட்டினான் அந்தோனியோ செல்வா' என்று பொருள்படும் லத்தீன் வாக்கியம் ஒன்றைப் பரப்பிவிட்டார்கள்.

'கோணல்' என்பதில் நியாயம் இருந்தது, ஆனால் குற்றம் மனையுடையது. ஒரு பக்கம் சான் ஃபந்தின் என்ற சிறு சதுக்கம், பின்பக்கம் கால்வாய், நடுவே ஒழுங்கில்லாத நிலம். நடந்து வருபவர்களுக்குச் சதுக்கத்தில் ஒரு வாசல், கொண்டோலாவில் வரும் செல்வர்களுக்குத் தண்ணீரில் ஒரு வாசல். ஆகவே செல்வா ஒரே பெரிய நேர்க்கோட்டுக் கட்டடத்தை வைக்கவில்லை. முகப்பும் வரவேற்புக் கூடங்களும் கொண்ட ஒரு பகுதி, பார்வையாளர் கூடம், மேடை என்று தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் மனைக்குள் பொருத்தினார். நான்கு கொரிந்தியத் தூண்கள் தாங்கும் முகமண்டபம், இரு பக்கமும் மாடங்களில் சிலைகள், மற்றபடி வெறும் சுவர். பெரிய நாடக அரங்கங்களின் முகப்போடு ஒப்பிட்டால் இது அடக்கமானது. ஆனால் இந்தத் துண்டு துண்டான அமைப்பால்தான் பிற்காலத்தில் கூடம் முழுக்க எரிந்தபோதும் முன்பகுதி கொஞ்சமாவது தப்பியது.

செல்வாவின் கூடத்தில் இன்னொரு விசேஷம் இருந்தது. குதிரைலாட வடிவில் ஐந்து அடுக்குப் பாக்ஸ்கள், எல்லாம் ஒரே மாதிரி. மன்னருக்கென்று தனி இடம் கிடையாது. வெனிஸ் அப்போது குடியரசு, அரசனே இல்லை. 1797இல் குடியரசு வீழ்ந்தது. 1807இல் நெப்போலியன் வந்தபோது, நடுவிலிருந்த சாதாரணப் பாக்ஸ்களை இடித்துப் பேரரசருக்கு மாடம் அமைத்தார்கள். நெப்போலியனுக்குப் பின் வெனிஸை ஆண்ட ஆஸ்திரியர்களுக்கு எதிரான 1848 புரட்சியில் அந்த மாடத்தை உடைத்து மறுபடி ஆறு சாதாரணப் பாக்ஸ்களாக்கினார்கள். ஆஸ்திரியர்கள் திரும்பி வந்ததும் மாடமும் திரும்பி வந்தது. இன்று நடுவில் பளபளவென்று தெரிவது அந்த மாடத்தின் நகல். மேலே இருப்பது இப்போது எந்த அரச குடும்பத்தின் சின்னமும் அல்ல, நகரத்தின் புனித மாற்கு சிங்கம்.

முதல் தீ 1836 டிசம்பர் 12, 13ஆம் நாள்களின் நடு இரவில். காரணம், புதிதாக வாங்கிப் பொருத்திய ஆஸ்திரியக் கணப்பு அடுப்பு. மூன்று நாள் எரிந்தது. புகை அடங்க அதற்கு மேலும் பல நாளாயிற்று. தொம்மாசோ, ஜம்பத்திஸ்தா மெதூனா என்ற சகோதரர்கள் செல்வாவின் அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றிக் கட்டினார்கள். 1837 டிசம்பர் 26ஆம் நாளே, அதாவது ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில், திறந்தாயிற்று. அந்தத் தேதி தற்செயல் இல்லை. வெனிஸில் திருவிழாக்கால நாடகப் பருவம் தொடங்கும் நாள் அதுதான். பருவம் தவறினால் வருமானம் போச்சு. பின்னர் 1854இல் ஜம்பத்திஸ்தா மெதூனா கூடத்தின் அலங்காரத்தை மட்டும் மாற்றினார். பொன்னும் கொடிச்சுருளும் தேவகன்னியரும் நிறைந்த, அவர் காலத்துக்கே நூறு ஆண்டு பழைய பாணியான ரொக்கோகோவை மறுபடி கொண்டுவந்தார். உலகம் இன்று 'ஃபெனிச்சே' என்று மனத்தில் வைத்திருக்கும் கூடம் செல்வாவின் 1792 கூடம் இல்லை; இந்த 1854 அலங்காரம்தான். அதுவே ஒரு பழைய பாணியின் நகல் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே முதன்முதலாக அரங்கேறியவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரோஸ்ஸினியின் தங்க்ரேதி (1813), செமிராமிதே (1823). வெர்தியின் எர்னானி (1844), அத்தீலா (1846), ரிகொலெத்தோ (1851), லா திராவியாத்தா (1853), சிமோன் போக்கனேக்ரா (1857). திராவியாத்தா முதல் இரவில் படுதோல்வி. சில திருத்தங்களோடு அடுத்த ஆண்டு வெனிஸிலேயே இன்னொரு அரங்கில் போட்டபோது பெரும் வெற்றி. அந்த இன்னொரு அரங்கம் எது தெரியுமா? சங்கம் வழக்கில் இழந்த அதே சான் பெனதெத்தோ. 20ஆம் நூற்றாண்டிலும் ஸ்திராவின்ஸ்கியின் 'தி ரேக்ஸ் புரோக்ரஸ்' 1951இலும் பெஞ்சமின் பிரிட்டனின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' 1954இலும் இங்கேதான் பிறந்தன.

இரண்டாவது தீதான் பெரியது. 1996 ஜனவரி 29 இரவு. பழுதுபார்ப்பு வேலைக்காக அரங்கம் மூடியிருந்தது. இரண்டு மின்பணியாளர்கள், வேலை தாமதமானதால் கட்டவேண்டியிருந்த அபராதத்திலிருந்து தப்ப வேண்டுமென்றே தீ வைத்தார்கள் என்று 2001இல் நீதிமன்றம் தண்டித்தது. ஒருவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 6 ஆண்டு. தீ வைத்தது யார் என்பது ஒரு கேள்வி. வைத்த தீ ஏன் அணையவில்லை என்பது வேறு கேள்வி. கட்டடம் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

பழைய நாடக அரங்கம் ஒன்றை அடுப்பாக நினைத்துப் பாருங்கள். விறகு: பாக்ஸ்களின் தடுப்பு, தரை, கூரைச்சட்டம் எல்லாம் நூற்றாண்டுகளாகக் காய்ந்த மரம், அதன்மேல் எண்ணெய் வண்ணம், வார்னிஷ், துணி, காகிதக்கூழ். காற்றோட்டம்: அலங்கார விதானத்துக்கும் மேற்கூரைக்கும் நடுவே ஆள் நடமாடும் அளவு வெற்றிடம், பாக்ஸ்களுக்குப் பின்னால் வளைந்து ஓடும் நடைபாதைகள். புகைபோக்கி: திரைச்சீலைகளை மேலே தூக்கி மறைக்க உயரமாக எழுப்பிய மேடைக் கோபுரம். தீ மேல்தளத்து முன்கூடத்தில் தொடங்கியது. அங்கிருந்து கூடத்தின் விதானத்துக்கு மேலே போய்விட்டால் கீழேயிருந்து பீய்ச்சும் தண்ணீர் அதைத் தொடாது. வழக்கமாக இதைத் தடுக்க மேடைக்கும் கூடத்துக்கும் நடுவே இரும்புத் திரை இருக்கும். ஆனால் அந்தத் திரை மேடையில் பிறக்கும் தீக்காக வைத்தது, முன்கூடத்தில் பிறக்கும் தீக்கு அல்ல. பழுதுபார்க்கும் காலத்தில் எச்சரிக்கைக் கருவிகளும் செயலில் இல்லை. தண்ணீரால் சூழப்பட்ட ஊரில் தண்ணீரும் இல்லை: அரங்கத்தை ஒட்டிய கால்வாய்களைத் தூர்வார வற்றவைத்திருந்தார்கள். தீயணைப்புப் படகுகள் அருகே வரமுடியவில்லை. தொலைவிலிருந்து குழாய் இழுக்க வேண்டியிருந்தது. ஹெலிகாப்டர் நீர்ப்பரப்பில் மொண்டு வந்து மேலிருந்து கொட்டியது. அண்டை வீடுகளைக் காப்பாற்ற முடிந்தது, அரங்கத்தை அல்ல. காலையில் கூடம் இருந்த இடத்தில் நின்றது வெளிச்சுவர் மட்டும், உள்ளே வானம்.

பழைய கட்டடங்கள் பல எரிந்தது இப்படிப் பழுதுபார்க்கும் காலத்தில்தான். 2019இல் பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்துக்கும் அதுதான் நடந்தது. பொதுவாக இத்தகைய காலத்தின் ஆபத்துகள் இவை: காவல் குறைவு, கருவிகள் நிறுத்தம், மரத்தூளும் கரைப்பான்களும் குவியல், வெல்டிங்கும் தற்காலிக மின்கம்பிகளும். பழைய மாளிகையையோ கோயிலையோ புதுப்பிப்பவர்கள் இந்த ஒன்றையாவது செய்யலாம்: எச்சரிக்கைக் கருவியை நிறுத்தும் நாளில் அதற்கு ஈடாக இரவுக் காவலை இரட்டிப்பாக்குவது.

எரிந்த மறுநாளே நகரம் எடுத்த நிலைப்பாடு: 'இருந்தபடி, இருந்த இடத்தில்'. இதுவும் புதிய முழக்கம் இல்லை. 1902இல் சான் மார்க்கோ மணிக்கோபுரம் இடிந்து விழுந்தபோது எழுந்தது. கோபுரம் அப்படியே 1912இல் திரும்ப நின்றது. ஆனால் அரங்கத்தின் கதையில் தீயைவிட வழக்குகள் அதிகம். 1997இல் நடந்த போட்டியில் கட்டடக்கலைஞர் காயே அவுலென்தி இருந்த குழு வென்றது. ஆல்தோ ரோஸ்ஸியின் வடிவத்தை முன்வைத்த இரண்டாம் குழு வழக்குப் போட்டது; வென்ற திட்டம் தெற்குப் பகுதியை விட்டுவிட்டது என்ற காரணத்தால் 1998 பிப்ரவரியில் முடிவு மாறி, வேலை அந்த இரண்டாம் குழுவுக்கே போனது. ரோஸ்ஸி அதற்குள் இறந்துவிட்டிருந்தார். வேலை மெதுவாக நகர்ந்ததால் 2001இல் நகராட்சி அந்த ஒப்பந்தத்தையும் முறித்து வேறு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது. ஏழெட்டு ஆண்டுகளில் உண்மையான கட்டுமானம் கடைசி இரண்டு ஆண்டுகளில்தான். 2003 டிசம்பர் 14 அன்று ரிக்கார்தோ மூத்தி நடத்திய இசைக் கச்சேரியோடு திறந்தது. முதல் முழு இசைநாடகம் 2004 நவம்பரில். தோற்றுப்போன அதே 1853 வடிவத்தில் திராவியாத்தா.

இப்போது நகல் எப்படி எடுத்தார்கள் என்பதற்கு வருவோம். அளவுகளுக்குப் பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் இருந்தன. நிறத்துக்கு அவை போதாது: கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறமில்லை, பழைய வண்ணப்படமோ மங்கியிருக்கும். லூக்கினோ விஸ்கோந்தி 1954இல் எடுத்த 'சென்ஸோ' படத்தின் தொடக்கக் காட்சி இந்த அரங்குக்குள்ளேயே வண்ணத்தில் படமாக்கப்பட்டது. அது பெரிய துணையாக இருந்தது.

சுவரில் மரம்போலவும் கல்போலவும் புடைத்துநிற்கும் பொன் அலங்காரங்களில் பல காகிதக்கூழ். மலிவு என்பதற்காக மட்டும் அல்ல. பாக்ஸ்களின் மெல்லிய மரமுகப்பு கனத்தைத் தாங்காது. இந்தக் கைவேலையின் வரிசை இப்படி: களிமண்ணில் உருவம் வடிப்பார்கள், அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள், அச்சுக்குள் பசையில் நனைத்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். மேலே சுண்ணத்தூளும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு பல தடவை; தேய்த்து வழவழப்பாக்கி, வழுவழுப்பான செம்மண் பூச்சு; அதன்மேல் தங்க ரேக்கு; கடைசியில் அகேட் கல்லால் மெருகு. அவசரமாகக் காயவைத்தால் காகிதம் முறுக்கிக்கொள்ளும். வெள்ளைப் பூச்சில் பசை கூடினால் வெடிக்கும், குறைந்தால் பொடியாக உதிரும். செம்மண் அடிப்பூச்சு சரியில்லாவிட்டால் தங்கம் பித்தளைபோலப் பல்லிளிக்கும்.

ஒலிதான் இன்னும் கடினம். லாம்பெர்தோ திரோங்கின், ஆஞ்செலோ ஃபாரினா என்ற இரு ஒலியியல் ஆய்வாளர்கள், தீக்கு இரண்டு மாதம் முன்புதான் அரங்கின் ஒலியை அளந்து பதிவு செய்திருந்தார்கள். காலியான அரங்கில் ஒரு குறுகிய ஓசையை எழுப்பி, அது எந்தெந்தச் சுவரில் பட்டு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வலிமையோடு காதுக்குத் திரும்புகிறது என்று இரு காது வைத்த பொம்மைத் தலையால் பதிவது இந்த முறை. அந்தப் பதிவு கைரேகை மாதிரி. புதிய அரங்கின் ஒலியைக் கவனித்தவர் யூர்கன் ரைன்ஹோல்ட்.

மரம் வயலின்போல அதிர்ந்து ஒலியைப் பெருக்குகிறது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், அது சரியல்ல. மெல்லிய மரப்பலகை தாழ்ந்த சுருதிகளை விழுங்கும். மெத்தை, திரை, ஆள் நிறைந்த பாக்ஸ் ஒவ்வொன்றும் உயர்ந்த சுருதிகளை விழுங்கும் ஒரு துளை. ஆகவே இத்தாலியக் குதிரைலாட அரங்கில் ஒலி தேங்கிநிற்கும் நேரம் குறைவு. சிம்பொனிக் கூடத்தில் அது சுமார் 2 விநாடி. இத்தகைய அரங்குகளில் ஒன்றேகால் விநாடியைச் சுற்றி. குறைவு என்பது குறையல்ல. பாடகர் சொல்லும் வார்த்தை அடுத்த வார்த்தையோடு குழம்பாமல் இருக்க அதுதான் வேண்டும். ஆகவே பலகையின் தடிமன், அதற்குப் பின்னுள்ள வெற்றிடம், இருக்கையின் மெத்தை, வளைவின் கோணம் என்று எதை மாற்றினாலும் ஒலி மாறும். 'இருந்தபடி' என்ற முடிவை வெறும் ஏக்கம் என்று கேலி செய்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. அலங்காரத்தை மாற்றி வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்வது என்பது இங்கே முடியாத காரியம். பொன்கொடிகளின் மேடுபள்ளமும்கூட உயர்ந்த ஒலியைச் சிதறடிக்கும் வேலையைச் செய்கிறது.

நகல் இல்லாத பகுதிகளும் உண்டு. மேடை இயந்திரங்கள் முழுக்கப் புதியவை. ரோஸ்ஸி திட்டமிட்ட புதிய கூடம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் விசென்சாவின் பல்லாதியோ பசிலிக்கா முகப்பின் ஒரு பகுதியை மரத்தில் அமைத்திருக்கிறார்கள். அப்போலினே என்ற வரவேற்பு அறைகளில் தீயில் தப்பிய துண்டுகளைப் புதியவற்றோடு கலந்து மறைக்காமல், வேறுபாடு தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அரங்கம் முழுவதிலும் நேர்மையான இடம் அதுதான்.

புதியது என்பதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2019 நவம்பர் 12 அன்று கடல்நீர் 187 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1966இன் 194க்குப் பிறகு அதுவே அதிகம். ஃபெனிச்சேயின் கீழ்த்தளத்து மின்னறைக்குள் உப்புநீர் புகுந்து தீத்தடுப்பு அமைப்பு நின்றுபோனது. 1996இல் தண்ணீர் இல்லாததால் ஆபத்து, 2019இல் தண்ணீர் வந்ததால். கடல்வாயில்களில் எழும்பும் மோசே தடுப்பு 2020 அக்டோபரில் முதன்முதலாக ஊரைக் காத்தது.

ஆக, அசலா நகலா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. முகப்பு 1792, கூடத்தின் வளைவு செல்வாவிடமிருந்து மெதூனா எடுத்தது, பொன்னும் நிறமும் 1854இன் 2003 நகல், மேடைக்குப் பின்னால் எல்லாம் இன்றையது. தங்கம் சற்று அதிகமாக மின்னுகிறது என்ற குறை உண்மை. ஆனால் மெதூனாவின் தங்கமும் 1854இல் இப்படித்தான் மின்னியிருக்கும். நாம் பழகியது நூற்றைம்பது ஆண்டுப் புகை படிந்த தங்கம்.

போகிறவர்களுக்கு: ஒத்திகை இல்லாத பகல்களில் ஒலிவழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம், அருகிலுள்ள படகுத்துறை சாந்தா மரியா தெல் ஜிலியோ. நாடகத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் பாக்ஸ் என்றதும் மயங்க வேண்டாம். பாக்ஸில் முன்வரிசை இரண்டு நாற்காலிக்குத்தான் மேடை தெரியும். பின்னால் இருப்பவர் எழுந்து நின்று கழுத்தை நீட்ட வேண்டும். மேடையை ஒட்டிய பாக்ஸ்களிலிருந்து வாத்தியக்காரர்கள் நன்றாகத் தெரிவார்கள், மேடையில் பாதி வெட்டுப்படும். பாக்ஸ்களில் இருந்தவர்கள் வந்தது பார்ப்பதற்காக மட்டுமல்ல, எதிர்ப் பாக்ஸ்காரர்களால் பார்க்கப்படுவதற்காகவும் என்பதால் இந்த வடிவத்தில் அது அன்று குறையாகத் தோன்றவில்லை. 'குறைந்த பார்வை' என்றோ 'கேட்க மட்டும்' என்றோ டிக்கெட்டில் போட்டிருந்தால் அது சம்பிரதாயத்துக்குப் போட்டதல்ல. வளைவின் நடுவில், இரண்டாம் அல்லது மூன்றாம் அடுக்கு, முன்வரிசை: அது கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் தரைத்தளத்து இருக்கை மேல். உள்ளே நுழையுமுன் தலையைத் தூக்கி முகப்பில் அந்த எட்டு எழுத்துகளையும் தேடிப் பாருங்கள். செல்வாவைக் கிண்டல் செய்தவர்கள் பார்த்த அதே முகப்புதான் அது.